11 இலட்சம் வட்டியில்லாக் கடன், அம்மாவின் நகை அடகில்: எதை முதலில் கட்டுவது?

கடன்பட்ட_பட்டதாரி | 9 மார்ச் 2025, இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். இலங்கையில் மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடிப் பக்கம். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி எட்டவில்லை. 2019இல் அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடனில் ஒரு தனியார் நிறுவனத்தில் மென்பொருள் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தேன். கட்டணத்துக்கு 8 இலட்சம், கைச்செலவுக்கு 3 இலட்சம், மொத்தம் 11. படிப்பு முடிந்து ஒரு வருட அவகாசமும் போய்விட்டது. இரண்டு மாதமாக 11,500 அளவில் கணக்கிலிருந்து பிடிபடுகிறது.

கட்டணம் 8 இலட்சத்தோடு நிற்கவில்லை. மிச்சக் கட்டணம், கொழும்பில் போடிங், மடிக்கணினி என்று 2021 கடைசியில் அம்மா 6 பவுண் நகையை வங்கியில் அடகு வைத்து 4 இலட்சத்து 50 ஆயிரம் எடுத்தார். ஒவ்வொரு வருடமும் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்து வருகிறோம். இப்போது 14 வீதம்.

மட்டக்களப்பு டவுனில் வேலை. சம்பளம் 68,000, ஈ.பி.எப் கழித்துக் கையில் 62,500. வீட்டுக்கும் பஸ்ஸுக்கும் 25,000. தவணைக்கு எடுத்த போனுக்கு 6,000 (ஜூனோடு முடியும்). அடகு வட்டிக்கு மாதம் 5,250 ஒதுக்குகிறேன். எல்லாம் போக 7,300 மிச்சம்.

சித்திரைக்கு 60,000 போனஸ் வருகிறது. அம்மா நகையை மீட்கச் சொல்கிறார். மாணவர் கடனுக்குப் பிணைக் கையெழுத்து வைத்த மாமா, அந்தக் கடனை வேளைக்கு முடி என்கிறார். எதை முதலில் செய்வது?

---

ஒலுவில்_16 | 9 மார்ச் 2025, இரவு 11:30

தம்பி, மாமா சொல்வதைக் கேளுங்கள். கடன் என்றால் கடன்தான், வட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும். எங்கள் வாப்பா நிந்தவூரில் சின்னக் கடை வைத்திருந்தவர். வட்டி இல்லாமல் ஒருவன் தந்த காசைத்தான் முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவன் உன்னை நம்பித் தந்தவன் என்பார். கடனோடு மௌத்தாகிவிடுவேனோ என்ற பயம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

---

லெஜர்_கல்முனை | 10 மார்ச் 2025, காலை 6:15

ஒலுவில் தம்பியின் வாப்பா சொன்னது மனிதருக்கு மனிதர் கொடுத்த காசுக்குச் சரி. இங்கே வட்டியை யாரும் மன்னிக்கவில்லை, உங்களுக்காக அரசாங்கம் கட்டுகிறது. தவணை நாளில் கட்டினாலே கடமை முடிந்தது. வேளைக்கு முடித்தால் ஒரு சதமும் மிச்சமில்லை.

வங்கியில் 30 வருடம் இருந்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் கடன் எடுத்த 2019இல் டொலர் 180 ரூபா அளவில் இருந்தது. இப்போது 300ஐ ஒட்டி நிற்கிறது. நடுவே 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் வருடத்துக்கு 69.8 வீதம் ஏறியது. சாமான் விலை ஏறினது நமக்கெல்லாம் அடி, வட்டியில்லாக் கடன் எடுத்தவருக்கு மட்டும் ஒரு கையில் அடித்து மறு கையில் கொடுத்த மாதிரி. நீங்கள் வாங்கிய 11 இலட்சமும் இன்றைக்குத் திருப்பிக் கட்டும் 11 இலட்சமும் ஒரே கனம் அல்ல.

அடகு நேர்மாறு. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி உயர்த்தியது. அதற்குப் பிறகு நீங்கள் புதுப்பித்த துண்டுகளில் என்ன வட்டி இருந்தது என்று எடுத்துப் பாருங்கள், வயிறு எரியும். போனஸ் அடகுக்குத்தான் போக வேண்டும். வட்டிக்கு மட்டுமில்லை, முதல் தொகையிலும் பகுதியாகக் கட்டலாம். 60,000ஐ முதல் தொகையில் குறைத்தால் வருடம் 8,400 வட்டி குறையும்.

ஆனால் 11,500 ஒரு மாதமும் தவறக் கூடாது. தவறினால் கடன் தகவல் பணியகத்தில், சனம் கிரிப் என்று சொல்கிறதே, அதில் உங்கள் பெயர் மட்டுமில்லை, பிணை நின்றவரின் அறிக்கையிலும் தெரியும். மாமா நாளைக்கு லீசிங்கில் ஒரு ஓட்டோ எடுக்கப் போனால் உங்களால் நிற்பார்.

அப்புறம் ஒரு சந்தேகம். 62,500இல் 25,000, 11,500, 6,000, 5,250 கழித்தால் 14,750 வர வேண்டும். நீங்கள் 7,300 என்கிறீர்கள். மிச்ச ஏழாயிரத்துச் சொச்சம் எங்கே?

---

காந்திபூங்கா17 | 10 மார்ச் 2025, காலை 9:02

எனக்கு ஒன்று விளங்கவில்லை. இலவசக் கல்வி நாட்டில் ஒரு பிள்ளை 15 இலட்சம் கடனோடு வெளியே வருகிறது, நாம் எந்தக் கடனை முதலில் கட்டுவது என்று கணக்குப் போடுகிறோம். 2017இல் அரச வேலை கேட்டு மட்டக்களப்பு காந்தி பூங்காவில் பாய் விரித்துப் போராடிய பட்டதாரிகளில் நானும் ஒருத்தி. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலையில் கலைப்பட்டம். எனக்குக் கடன் இல்லை, வேலையும் இல்லை. 2020இல் பட்டதாரிப் பயிலுனர் என்று எடுத்து மாதம் 20,000 தந்தார்கள். அப்போது எனக்கு வயது 31.

---

ஒலுவில்_16 | 10 மார்ச் 2025, பகல் 12:20

அக்கா சொல்வது சரி. நானும் தென்கிழக்குப் பல்கலைதான். மஹாபொல மாதம் 5,000. இந்த வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது உதவிப்பணம், திருப்பிக் கட்டத் தேவையில்லை. ஆனால் நான்கு வருடப் பட்டத்துக்கு ஸ்ட்ரைக், கொரோனா என்று ஆறு வருடம் போனது. அந்த இரண்டு வருடச் சம்பளத்தையும் கணக்கில் போட்டால் நானும் கடன்காரன்தான், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் தெரியாது.

லெஜர் ஐயா, டொலர்க் கணக்கு விளங்குகிறது. மனம்தான் ஒத்துக்கொள்ளுதில்லை.

---

படுவான் | 10 மார்ச் 2025, இரவு 8:47

கொக்கட்டிச்சோலைப் பக்கம், வயல் குடும்பம். எங்களுக்குக் கடன் கட்டுவதற்கு மாதம் என்று ஒன்று இல்லை, போகம்தான். வெள்ளாமை வெட்டின கையோடு உரக்கடைக்காரர் வாசலில் நிற்பார். 2021இல் இரசாயன உரத்தடை வந்த பிறகு விளைச்சல் விழுந்து அப்பா கடைக் கணக்கை அடுத்த போகத்துக்குத் தள்ளினார். அது அதற்கடுத்த போகத்துக்குப் போனது. நகை அடகுக்குப் போனதும் அப்போதுதான்.

நாங்கள் கடைசியில் வித்தோம். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. ஆனால் வித்த காசில் கடை, அடகு எல்லாம் தீர்ந்தது. தம்பி, பவுண் இப்போது 2 இலட்சத்தைத் தாண்டி நிற்கிறது. மூன்று பவுண் போனால் உங்கள் அடகு முழுதும் முடியும், மூன்று பவுண் வீட்டுக்கு வரும். எதற்காக வருடா வருடம் 63,000 கொடுக்கிறீர்கள்?

---

வாவிமகள் | 10 மார்ச் 2025, இரவு 9:30

படுவான் தம்பி, கணக்குச் சரி. ஆனால் எங்கள் பக்கம் அந்த 6 பவுண் யாருடையது என்று ஒரு கேள்வி இருக்கிறது. தாயின் கழுத்தில் கிடந்தாலும் அது மகளுக்கு. வீடும் மகளுக்கு. இந்தப் பிள்ளைக்கு அக்காவோ தங்கச்சியோ இருந்தால், மகனின் படிப்புக்கு மகளின் சீதனம் போயிருக்கிறது. அதனால்தான் அந்த அம்மா நகை, நகை என்று நிற்கிறார். நான் ஆசிரியை, வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இதே கதையைப் பார்க்கிறேன்.

இன்னொன்று, வித்தால் பிறகு வாங்க முடியாது. 2021இல் வித்தவர்கள் இன்றைக்குக் கையைப் பிசைகிறார்கள்.

---

படுவான் | 10 மார்ச் 2025, இரவு 10:05

டீச்சர், விலை ஏறுகிறது என்று வட்டிக்கு வைத்திருப்பதும் ஒரு சூதுதான். ஏறினது நமது அதிர்ஷ்டம். இறங்கியிருந்தால் வங்கி ஏலம் போட்டிருக்கும்.

---

தோஹா_திருக்கோவில் | 11 மார்ச் 2025, அதிகாலை 1:12

இரண்டு வருடம் கட்டாருக்கு வா மச்சான், எல்லாம் முடியும்.

---

லெஜர்_கல்முனை | 11 மார்ச் 2025, காலை 6:20

ஏஜென்சிக்குக் கொடுக்கும் காசுக்கு இன்னொரு கடனா? மென்பொருள் படித்த பிள்ளை, நேரடியாக வேலைக் கடிதம் வந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போகட்டும். இல்லாவிட்டால் இருந்த இடத்தில் இருக்கட்டும்.

பட்டதாரித் தம்பி, என் கேள்விக்குப் பதில் வரவில்லை.

---

கடன்பட்ட_பட்டதாரி | 13 மார்ச் 2025, இரவு 11:55

இரண்டு நாளாக எழுதுவதா வேண்டாமா என்று இருந்தேன். ஐயா பிடித்துவிட்டார். அந்த 7,500 ஒரு வட்டி.

கடைசி வருடத் தவணை கட்டாமல் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். 2023. அடகுக் காசு முடிந்திருந்தது. அம்மா ஊரில் ஒருவரிடம் ஒன்றரை இலட்சம் வாங்கினார். நூற்றுக்கு 5, மாதத்துக்கு. அது கடன் மாதிரியே எனக்குத் தோன்றவில்லை, கரண்ட் பில் மாதிரி மாதம் பிறந்தால் கொடுப்பது என்று ஆகிவிட்டது. அதனால்தான் பட்டியலில் போடவில்லை. இல்லை, பொய் சொல்லக் கூடாது, வெட்கத்தில்தான் போடவில்லை.

அதற்கு ஈடாக வளவு உறுதி, காணிப் பத்திரம், அவரிடம் இருக்கிறது. அக்காவுக்கு எழுத வேண்டிய வளவு. அக்காவுக்குத் தெரியாது. அம்மாவும் நானும் மட்டும்.

---

லெஜர்_கல்முனை | 14 மார்ச் 2025, காலை 5:50

சொன்னது நல்லது. இனி நான் முதலில் எழுதியதை மறந்துவிடுங்கள். 14 வீதமும் இல்லை, பூச்சியமும் இல்லை, உங்கள் வீட்டில் 60 வீதத்தில் ஒரு கடன் எரிந்துகொண்டிருக்கிறது. இதுவரை இரண்டு வருடத்தில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். 20 மாதத்திலேயே முதலுக்குச் சமமான வட்டி போய்விடும். முதல் அப்படியே நிற்கும்.

வழி: 2021இல் உங்களுக்குப் பவுணுக்கு 75,000தான் கொடுத்திருக்கிறார்கள். இன்றைய விலைக்கு அதே நகைக்கு அதைவிட நிறையக் கொடுப்பார்கள். மீள் அடகு வைத்து 6 இலட்சம் எடுங்கள். பழைய நாலரை போக ஒன்றரை கையில் வரும். உறுதியை வாங்குங்கள். இப்போது இரண்டு வட்டியும் சேர்ந்து மாதம் 12,750. பிறகு 7,000தான். கண்ணுக்கு முன்னால் 5,750 மிச்சம், அதை அப்படியே அடகின் முதலில் போடுங்கள்.

---

வாவிமகள் | 14 மார்ச் 2025, மாலை 4:40

ஐயாவின் கணக்கில் பிழை பிடிக்க நான் ஆள் இல்லை. ஆனால் ஒரு பயம். நகைக்கு மேல் இன்னும் எடுக்கலாம் என்று ஒரு வீட்டில் தெரிந்துவிட்டால் ஒன்றரையோடு நிற்காது. கூரை ஒழுகும், யாருக்காவது சுகமில்லாமல் வரும், ஏழரை ஆகும். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் 15 ஆசிரியர்கள் சேர்ந்து சீட்டுப் பிடிக்கிறோம். ஆளுக்கு மாதம் 10,000, கழிவு கிடையாது, ஏலம் கிடையாது, முறை வைத்து எடுப்பது. முதல் முறை யாருக்கு அவசரமோ அவருக்கு. கணக்காய் ஒன்றரை இலட்சம்! முதலில் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன்தான், அரசாங்கம் இல்லாமலே. 7,500 வட்டி கொடுக்கிற பிள்ளை 10,000 சீட்டுக்குக் கொடுக்கலாம். 15 மாதத்தில் முடியும். நகையில் கை வைக்கத் தேவையில்லை.

வெளியாள் சீட்டில் சேர வேண்டாம். காசை எடுத்துக்கொண்டு ஓடின கதை எல்லா ஊரிலும் உண்டு. ஒவ்வொரு நாளும் முகம் பார்க்கிற இடத்தில் மட்டும்.

---

ஒலுவில்_16 | 14 மார்ச் 2025, இரவு 7:58

இது எனக்கும் பிடித்திருக்கிறது. வட்டி எங்கும் தொடாமல் முடிகிறது. சீட்டை நடத்துபவர் தனக்கென்று ஒன்றும் எடுக்காவிட்டால் எங்கள் பக்கமும் ஆட்சேபணை இல்லை.

தம்பி, மாமாவை விடு என்று நான் இப்போது சொல்கிறேன். முதலில் உறுதி.

---

காந்திபூங்கா17 | 14 மார்ச் 2025, இரவு 9:15

அக்காவுக்குச் சொல்லாமல் இதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். நான் மூத்த பிள்ளை. என் பெயரில் நடந்ததை எனக்குக் கடைசியாகச் சொன்னார்கள். காசு போனது மறந்துவிட்டது, அது மறக்கவில்லை.

---

கடன்பட்ட_பட்டதாரி | 16 மார்ச் 2025, இரவு 10:20

எல்லோருக்கும் நன்றி. வட்டிக்குத் தந்தவரிடம் போய் போனஸ் வந்ததும் 60,000 தருகிறேன், முதலைக் குறையுங்கள் என்று கேட்டேன். சிரித்தார். முழு முதலும் ஒன்றாய்த் தந்தால்தான் எடுப்பாராம். தேநீர் தந்தார், அதுதான் இன்னும் கோபமாக இருக்கிறது.

என் அலுவலகத்தில் ஏழு பேர்தான், சீட்டுக் கிடையாது. சித்தி ஆஸ்பத்திரியில் வேலை, அவர்களுக்குள் 15 பேர் சீட்டு ஒன்று மே மாதம் தொடங்குகிறது. கேட்டிருக்கிறேன்.

---

படுவான் | 17 மார்ச் 2025, காலை 7:33

முழுசாய்த்தான் வேண்டும் என்பான். முதல் திரும்பி வந்தால் அவனுக்கு நட்டம், வேறு ஆள் பிடிக்க வேண்டும். பார்த்து மனே.

---

கடன்பட்ட_பட்டதாரி | 4 மே 2025, இரவு 9:48

சின்ன அப்டேட். போனஸ் வந்தது. 50,000ஐ அடகின் முதலில் கட்டினேன், 10,000ஐக் கையில் வைத்துக்கொண்டேன். சீட்டில் சித்தியின் பெயரில் சேர்ந்தாயிற்று. முதல் முறையும் இரண்டாவதும் வேறு ஆட்களுக்கு. மூன்றாவது சித்தியுடையது, அதை எனக்கு விட்டுக்கொடுத்தார். ஜூலை. அதுவரை சீட்டும் வட்டியும் இரண்டும் கொடுக்க வேண்டும், மாதம் இரண்டாயிரம் மூவாயிரம் துண்டு விழும், அதற்குத்தான் அந்தப் பத்தாயிரம்.

கொழும்பில் இருந்து ஒரு வேலையும் வந்தது, 1 இலட்சத்து 10 ஆயிரம். போடிங், சாப்பாடு, மாதம் ஒருமுறை ஊர் வந்து போவது எல்லாம் எழுதிப் பார்த்தேன். இங்கிருப்பதைவிடப் பத்தோ பன்னிரண்டோதான் கூட. வீட்டிலிருந்தே செய்ய விடுவீர்களா என்று கேட்டிருக்கிறேன்.

---

தோஹா_திருக்கோவில் | 5 மே 2025, அதிகாலை 12:40

நல்லது மச்சான். நான் வந்து நாலு வருடம். இரண்டு வருடம் என்றுதான் வந்தேன்.

---

கடன்பட்ட_பட்டதாரி | 3 ஆகஸ்ட் 2025, மாலை 6:10

ஜூலைச் சீட்டு மாதக் கடைசியில்தான் கைக்கு வந்தது. இன்று காசைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாதம் பிறந்து மூன்று நாள் ஆகிவிட்டது, ஆகஸ்ட் வட்டியும் வேண்டும் என்றார். போன் தவணை ஜூனோடு முடிந்ததால் கையில் இருந்தது. 1 இலட்சத்து 57 ஆயிரத்து 500. வாக்குவாதப்படவில்லை. உறுதி இப்போது எங்கள் அலுமாரியில்.

---

லெஜர்_கல்முனை | 3 ஆகஸ்ட் 2025, இரவு 7:05

மிக நல்லது. உறுதியைப் பிரித்து ஒவ்வொரு பக்கமும் பார்த்தீர்களா? அம்மாவிடம் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தாரா?

---

கடன்பட்ட_பட்டதாரி | 3 ஆகஸ்ட் 2025, இரவு 8:31

அம்மாவிடம் இப்போதுதான் கேட்டேன். இரண்டு தாள். ஒன்று உறுதியோடு வந்தது. மற்றது எங்கே என்று போன் எடுத்துக் கேட்டதற்கு, தேடிப் பார்க்கிறேன், காணவில்லை என்கிறார்.

---

லெஜர்_கல்முனை | 3 ஆகஸ்ட் 2025, இரவு 8:50

பதறாதீர்கள். வெற்றுத் தாளால் காணி கைமாறாது. நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் உறுதி. ஆனால் அந்தத் தாளில் அம்மா இன்ன தொகை கடன்பட்டவர் என்று எழுதிக்கொள்ளலாம். அதனால் நாளைக்கே ஊர்ப் பெரியவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முழுக் கடனும் தீர்ந்தது, கையெழுத்திட்ட தாள் ஒன்று தொலைந்துவிட்டது, அதில் எது எழுதியிருந்தாலும் செல்லாது என்று அவர் கையால் எழுதி வாங்குங்கள். திகதி, தொகை, சாட்சிக் கையெழுத்து எல்லாம் வேண்டும். பிறகு மட்டக்களப்புக் காணிப் பதிவகத்துக்குப் போய் அந்தக் காணியின் பதிவில் புதிதாக ஏதும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

---

வாவிமகள் | 3 ஆகஸ்ட் 2025, இரவு 9:20

அக்காவுக்குச் சொன்னீர்களா?

---

கடன்பட்ட_பட்டதாரி | 3 ஆகஸ்ட் 2025, இரவு 11:47

இப்போதுதான் சொல்லிவிட்டு வந்து இருக்கிறேன். அவளுக்குப் போன வருடமே தெரியுமாம். கோயிலில் வைத்து அந்த மனிதரின் மனைவி, உங்கள் வளவு எத்தனை பேர்ச்சஸ் என்று கேட்டாராம். நாங்கள் எப்போது சொல்வோம் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு அடகுத் துண்டுகளை எடுத்து வரச்சொல்லித் திகதி பார்த்தாள்.

ஐயா, எழுத்து வாங்க நாளைக்கு மாமாவும் வருகிறார். பதிவகத்துக்கு அக்கா வருகிறாள்.